ஏற்காடு: வீட்டு வைஃபை அலைப்பட்டைகளும் இணைய வேக வரம்பும்

வைஃபை என்பது, வீட்டு வாசல் வரை வந்துவிட்ட இணையத்தைக் கம்பியில்லாமல் அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் குறுந்தொலைவு வானொலி முறை. இணையம் வேறு, வைஃபை வேறு. ஏரி நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது; வாய்க்கால் அகலமாக இருந்தாலும் மதகு சிறியதென்றால் அவ்வளவுதான் பாயும். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைமீது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஏற்காட்டில் இந்த இரண்டு குறைகளும் ஒரே வீட்டில் சேர்ந்து காணப்படுவதுண்டு. கட்டணம் கட்டிய வேகம் ஒன்று, கூடத்தில் கிடைக்கும் வேகம் இன்னொன்று, படுக்கையறையில் கிடைப்பது மூன்றாவது. இம்மூன்றும் ஏன் வேறுபடுகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நிலமும் சுவரும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. சேர்வராயன் கோயில் இருக்கும் முகடு 1,600 மீட்டருக்கும் மேல் உயர்கிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்; அடிவாரம் தாண்டியபின் 20 கொண்டை ஊசி வளைவுகள். மலையின் பெரும்பகுதி சார்னோகைட் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்துப் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இப்பாறைக்குப் பெயரிட்டார். அடர்த்தி மிகுந்த இந்தக் கல்லை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு: மலையின் பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள் இத்தகைய கருங்கல்லால் ஆனவை.

1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து தோட்ட பங்களாக்களும், பின்னர் கன்னிமாடப் பள்ளிகளும், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் எழுந்தன. குளிருக்காகத் தடித்த சுவர் வைத்துக் கட்டிய காலம் அது. அந்தச் சுவர்கள் இன்று வானொலி அலைக்குத் தடையாக நிற்கின்றன. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் நிலைமை வேறு. வீடு சிறியது, சுவர் மெல்லியது. ஒரு ரவுட்டர் வீடு முழுவதற்கும் போதும். ஆனால் தகரக் கூரை வேய்ந்த வீடுகளில், வெளியே உள்ள டவரிலிருந்து வரும் சிக்னலைத் தகரம் திருப்பி எறிந்துவிடும். முற்றத்தில் எடுக்கும் கைப்பேசி உள்ளே எடுக்காமல் போவது இதனால்தான்.

காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படரும் மிளகுக் கொடியும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. இலையில் நீர் இருக்கிறது. நீர் இந்த அலைகளை உறிஞ்சும். பங்களாவுக்கும் காப்பிக்கொட்டை உலர்த்தும் களத்துக்கும் நடுவே நான்கு வரிசை மரம் இருந்தால், வெட்டவெளியில் 100 மீட்டர் போகும் அலை அங்கே பாதித் தூரமும் போகாது.

அலைப்பட்டைகளின் வரலாறு

வைஃபையின் கதையை அமெரிக்காவிலிருந்து தொடங்குவது வழக்கம். கொல்கத்தாவிலிருந்து தொடங்குவதே முறை. 1895இல் ஜகதீஷ் சந்திர போஸ் அந்நகர் டவுன் ஹாலில் கம்பியின்றி, சுவர்களை ஊடுருவிச் சென்ற அலையால் மணியை ஒலிக்கச் செய்தார். சில மில்லிமீட்டர் அலைநீளம் கொண்ட அலைகளை உண்டாக்கவும், கூம்பு வடிவ ஆன்டெனாவால் திருப்பவும், கலீனா படிகத்தால் உணரவும் அவர் கருவிகள் செய்தார். அவர் ஆராய்ந்த 60 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் நூறாண்டுக்குப்பின் வைஃபையின் மிகக் குறுந்தொலைவு வகை ஒன்று வந்து சேர்ந்தது.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு வேறொரு தோற்றம். 1947இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய உலகத் தொலைத்தொடர்பு மாநாடு, தொழிற்சாலை, அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில பட்டைகளை ஒதுக்கியது. அப்போது புதிதாக வந்திருந்த மைக்ரோவேவ் அடுப்பின் அலை இந்தப் பட்டையில்தான் விழுந்தது. இரைச்சல் மிகுந்த இடம் என்பதால் செய்தித்தொடர்புக்கு இதை யாரும் பெரிதாக நாடவில்லை. 1985இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பட்டைகளை, சிதறல் முறையில் அலையைப் பரப்பும் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. மைக்கேல் மார்கஸ் என்ற பொறியாளரின் முயற்சி இதற்குப் பின்னணி. அரசு விலைக்கு விற்காத அந்தச் சிறு துண்டில்தான் வீட்டு வைஃபை முதலில் குடியேறியது.

ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்வது எப்படி என்ற கேள்விக்கு நார்மன் ஆப்ராம்சன் ஹவாய்த் தீவுகளில் 1971இல் இயக்கிய அலோஹாநெட் வழிகாட்டியது. பொட்டலம் பொட்டலமாக அனுப்பு, மோதினால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பு என்பது அதன் விதி. வைஃபை அதோடு ஓர் ஒழுக்கத்தைச் சேர்த்துக்கொண்டது: பேசும் முன் காதுகொடுத்துக் கேள். 1997இல் 802.11 என்ற முதல் தரநிலை வந்தது. வேகம் 2 எம்பிபிஎஸ். 1999இல் 11 எம்பிபிஎஸ் தந்த 802.11பி, 54 எம்பிபிஎஸ் தந்த 802.11ஏ ஆகிய இரண்டும் வெளியாயின. முன்னது 2.4 ஜிகாஹெர்ட்ஸ், பின்னது 5 ஜிகாஹெர்ட்ஸ். வைஃபை என்ற பெயரும் அதே ஆண்டு சூட்டப்பட்டதே. அது எதன் சுருக்கமும் அன்று, ஒரு விளம்பர நிறுவனம் ஆக்கிக்கொடுத்த சொல்.

இந்தியாவில் அலை என்பது நெடுங்காலம் அரசின் உடைமையாகவே கருதப்பட்டது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமமின்றிக் கருவி அமைப்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்கின. இதில் திருப்பம் 2005 ஜனவரி 28 அன்று வெளியான இரு அறிவிக்கைகளால் வந்தது. 2.4 முதல் 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையை, 1 வாட் வெளியீட்டுத் திறனுக்கும், ஆன்டெனாவின் ஆற்றலையும் சேர்த்து 4 வாட்டுக்கும் மிகாமல், உரிமமின்றி எவரும் பயன்படுத்தலாம் என்றது ஒன்று. 5.15 முதல் 5.35 வரையும் 5.725 முதல் 5.875 வரையும் கட்டடத்துக்குள்ளும் ஒரே தொடர்ச்சியான வளாகத்துக்குள்ளும் மட்டும், 200 மில்லிவாட்டுக்குள் பயன்படுத்தலாம் என்றது மற்றொன்று. ஏற்காட்டின் விடுதிப் பள்ளிகளைப் போன்ற பெரிய வளாகங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தி வந்தது. 2007இல் 5.825 முதல் 5.875 வரையான 50 மெகாஹெர்ட்ஸ் துண்டு கட்டடத்துக்கு வெளியிலும் பயன்படத் திறக்கப்பட்டது. 2018 அக்டோபரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ், உள்ளும் புறமும் உரிமமின்றிப் பயன்பட வழி பிறந்தது. தமிழக மலையூர்களுக்கு இந்த ஓர் அறிவிக்கை செய்த நன்மையைப் பல திட்டங்கள் சேர்ந்தும் செய்யவில்லை. சந்தையில் கிடைக்கும் சிறு கருவியைக் கூரைமேல் பொருத்தி, உள்ளூர்க் கேபிள்காரரே ஒரு குன்றிலிருந்து எதிர்க்குன்றுக்கு இணைப்புக் கொடுக்க அது இடமளித்தது.

பட்டைகளின் வகைப்பாடு

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுமார் 5 முதல் 6 சென்டிமீட்டர். திறனும் ஆன்டெனா வகையும் ஒன்றே என்றால், ஒரே தொலைவில் 5.5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் 2.4ஐவிட ஏறத்தாழ 7 டெசிபல் குறைவாக வந்து சேரும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல். இது வெட்டவெளிக் கணக்கு. நடுவில் கருங்கல் சுவர் வந்தால் இடைவெளி இன்னும் விரியும்.

2.4 பட்டை ஒடுக்கமானது, மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் இதில் 13 சேனல்கள். அடுத்தடுத்த சேனல்களின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றும் 20 மெகாஹெர்ட்ஸ் இடம் கேட்பதால் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். 1, 6, 11 ஆகிய மூன்றே ஒன்றையொன்று தொடாதவை. ஏற்காடு ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகள் நெருங்கி நிற்கும் பகுதியில் இந்த மூன்றையும் பலர் பங்கிட வேண்டியிருக்கும். நாகலூர்ப் பக்கம் தோட்டத்துக்கு நடுவே தனித்த வீட்டில் பட்டை முழுவதும் ஒருவருக்கே. ஆகையால் 2.4 பழைய பட்டை, தள்ளத்தக்கது என்று நகரத்தார் சொல்லும் அறிவுரையை மலைக்கு அப்படியே கொண்டுவருவது பிழை. மலைவீட்டுக்கு உகந்த பட்டை 2.4 தான்; 5 ஜிகாஹெர்ட்ஸ், ரவுட்டர் இருக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் உரியது.

5 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 36 முதல் 48 வரை, 52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை, 149 முதல் 165 வரை எனச் சேனல்கள் கூட்டம் கூட்டமாக உள்ளன. இடம் தாராளம் என்பதால் 80 மெகாஹெர்ட்ஸ், 160 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சேனல்களை இணைக்க முடிகிறது. வேகம் கூடுவது முதன்மையாக இந்த அகலத்தால். நடுவில் உள்ள சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்தும் பகுதி. ரேடார் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் தானாக விலகி வேறு சேனலுக்குப் போக வேண்டும்.

தலைமுறை எண்கள் 2018இல் வந்த எளிய பெயர்கள். 2009ஆம் ஆண்டின் 802.11என் என்பது வைஃபை 4, 2013இன் 802.11ஏசி வைஃபை 5, 2021இல் ஒப்புதல் பெற்ற 802.11ஏஎக்ஸ் வைஃபை 6. ஐந்தாம் தலைமுறை 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும். நான்கும் ஆறும் இரு பட்டைகளிலும். தலைமுறை எண்ணையும் பட்டை எண்ணையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவோர் பலர். 5ஜி கைப்பேசிச் சேவையோடு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் குழப்புவோர் அதைவிடப் பலர். மூன்றும் தனித்தனி.

பெட்டியின் மேல் 1200 என்று அச்சிட்டிருந்தால் அது 2.4இல் 300, 5இல் 867 ஆகியவற்றைக் கூட்டி முழுமையாக்கிய எண். எந்த ஒரு கைப்பேசிக்கும் அந்தக் கூட்டுத்தொகை கிடைப்பதில்லை. கிடைக்கும் பட்டையின் எண்ணிலும் உண்மைத் தரவுக்குப் பாதி, சற்றே கூடுதல், அவ்வளவே மிஞ்சும். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டிய அலைவெளி இது. இன்னொரு செய்தியும் உண்டு: தொலைவான அறையில் மெதுவாகப் பேசும் ஒரு பழைய கைப்பேசி, எல்லாருடைய நேரத்தையும் எடுத்துக்கொள்ளும். அது பெறும் தரவு கொஞ்சம், பிடித்துவைக்கும் நேரம் அதிகம்.

மலை தாண்டிய வைஃபை: தேனி அனுபவம்

வீட்டுக்கென்று பிறந்த நுட்பம் மலைச்சாரலில் கிலோமீட்டர் கணக்கில் ஓடமுடியும் என்று காட்டிய பெருமை தமிழகத்துக்கு உண்டு. அதற்கு முன்பே ஐஐடி சென்னையில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் முறை, தொலைபேசியோடு 35 அல்லது 70 கேபிபிஎஸ் இணையத்தையும் கம்பியின்றி ஊர்களுக்குக் கொண்டுபோயிருந்தது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழுவும் 2000களின் நடுவில் அடுத்த அடியை எடுத்துவைத்தன. சுற்றுவட்டார ஊர்களின் பார்வை மையங்களை, மலிவான வைஃபை அட்டையும் திசைமுக ஆன்டெனாவும் கொண்டு மருத்துவமனையோடு இணைத்தனர். சில இணைப்புகள் 15 கிலோமீட்டர் வரை நீண்டன. ஊரில் அமர்ந்த நோயாளியைத் தேனியில் இருக்கும் மருத்துவர் காணொளியில் பார்த்துப் பேசினார்.

சிக்கல் அலையில் இல்லை, விதியில் இருந்தது. வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் ஒப்புதல் எதிர்பார்க்கும். அதற்குக் காத்திருக்கும் நேரம் சில நூறு மீட்டருக்கென்றே வகுக்கப்பட்டது. 15 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 100 மைக்ரோநொடி ஆகும். பதில் வருமுன்பே பொட்டலம் தொலைந்தது என்று கருவி முடிவுகட்டி மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். எனவே அக்குழு, யார் எப்போது பேசுவது என்று நேரத்தைப் பகுத்துக் கொடுக்கும் முறையை மென்பொருளில் எழுதிப் பழைய விதிக்கு மாற்றாக வைத்தது. இன்று கூரைகளில் காணும் 5.8 ஜிகாஹெர்ட்ஸ் தட்டுக்கருவிகள் பலவற்றிலும் இதே கொள்கைதான்.

சேர்வராயன் மலைக்கு இதிலிருந்து பெற வேண்டிய பாடம் பார்வைக்கோடு பற்றியது. கண்ணுக்கு எதிர்க்குன்று தெரிந்தால் மட்டும் போதாது. 10 கிலோமீட்டர் இணைப்பில், 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில் கோட்டைச் சுற்றிலும் சுமார் 11 மீட்டர் ஆரத்துக்கு வெளி வேண்டும், 2.4க்குச் சுமார் 18 மீட்டர். நிழல்மரம் 30 மீட்டர் வரை வளரும் தோட்டத்தில், கம்பம் நட்ட ஆண்டில் ஓடிய இணைப்பு சில ஆண்டுகளில் தளர்வது இதனால்தான். கருவி கெடவில்லை, மரம் வளர்ந்திருக்கிறது.

பனிமூட்டமும் வேகமும்

மூடுபனி இறங்கினால் நெட் போய்விடும் என்பது மலையில் பரவலான நம்பிக்கை. 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பனிமூட்டமோ மழையோ உணரத்தக்க அளவில் குறைப்பதில்லை. மழையின் தடை 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேலேதான் பொருட்படுத்தத் தக்கதாகிறது. பனியோடு சேர்ந்து வருபவைதான் உண்மைக் காரணங்கள்: நனைந்த இலை, கூரைமேல் உள்ள இணைப்பில் புகும் ஈரம், மின்தடை, கிளை முறிந்து விழுந்து அறுபடும் ஃபைபர் கேபிள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையிலேயே மண்சரிவு ஏற்பட்டது. அத்தகைய நாளில் கேபிள் அறுந்த இடத்துக்கு ஆள் போய்ச் சேர்வதற்கே நேரமாகும். அந்நேரத்தில் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

வேக வரம்பு

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் தொடங்கியது. எந்த வேகத்துக்கு மேல் அகலப்பட்டை என்று சொல்லலாம் என்பதற்கு அரசு தந்த விளக்கம் இரண்டு முறை மாறியுள்ளது: 2004இல் 256 கேபிபிஎஸ், 2013இல் 512 கேபிபிஎஸ், 2023இல் 2 எம்பிபிஎஸ். இது சட்டக் கீழ்வரம்பு. விளம்பரத்தில் காணும் எண் மேல்வரம்பு. 100 எம்பிபிஎஸ் வரை என்பதில் கவனிக்க வேண்டிய சொல் கடைசியில் இருக்கிறது.

எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பின் அளவோ பைட்டில். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 1 ஜிபி கோப்பு இறங்க 200 நொடி, அதாவது 3 நிமிடம் 20 நொடி ஆகும். இதைவிட மிகுதியாக ஆனால்தான் குறைசொல்ல இடமுண்டு.

ஃபைபர் இணைப்பில் பரவலாக உள்ள ஜிபான் முறையில், ஓர் இழை கீழ்நோக்கி 2,488 எம்பிபிஎஸ் சுமக்கும். அந்த இழை 32 வீடுகளுக்குப் பிரிக்கப்பட்டால், எல்லாரும் ஒரே நொடியில் முழுமூச்சாக இறக்கும்போது வீட்டுக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ். சாதாரண நாளில் அப்படி நேர்வதில்லை. மே மாதக் கோடை விழாவில் விடுதிகள் நிறைந்திருக்கும் மாலையோ சாதாரண நாளைப் போன்றதல்ல.

அடுத்த மதகு வீட்டுக்குள். விலை குறைந்த ரவுட்டர்களின் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே விடும். 300 எம்பிபிஎஸ் திட்டம் வாங்கியவருக்கு 95க்கு அருகில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால். அதன் பிறகே வைஃபை வருகிறது.

நியாயப் பயன்பாட்டு வரம்பு வேகத்துக்கான மூன்றாம் எல்லை. மாதம் 3,300 ஜிபி என்பது பல திட்டங்களில் காணும் அளவு. தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸுக்கு இறக்கப்படும். 60 எம்பிபிஎஸ் இணைப்பை இடைவிடாமல் ஓடவிட்டால் இந்த அளவு ஐந்து நாளில் தீரும். உயர்தரக் காணொளிக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் போதும் என்பதால், ஒரு குடும்பம் இதைத் தொடுவது அரிது. பத்து அறைகளுக்கு ஒரே இணைப்பைப் பகிரும் தங்கும் விடுதி தொட்டுவிடும். வரம்பு தாண்டிய பின்னும் 512 கேபிபிஎஸுக்குக் கீழே இறக்கக்கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016இல் பணித்தது.

வேகம் எங்கே தொலைகிறது என்று கண்டறிய மூன்று அளவீடு போதும். முதலில் மடிக்கணினியைக் கேபிளால் ரவுட்டரில் நேராகப் பொருத்தி அளக்க வேண்டும். பிறகு ரவுட்டருக்கு அருகே நின்று வைஃபையில். அதன்பின் வேகம் குறைவாக உள்ள அறையில், இரு பட்டைகளிலும் தனித்தனியாக. இதற்கு இரு பட்டைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைப்பது உதவும். முதல் எண்ணே குறைவு என்றால் நிறுவனத்தைக் கேட்கலாம். முதலது சரி, மூன்றாவது குறைவு என்றால் குறை சுவரில். அதற்குத் தீர்வு பெரிய திட்டம் வாங்குவதன்று. கேபிள் நுழையும் வராந்தாவிலிருந்து ரவுட்டரை வீட்டின் நடுவுக்கு நகர்த்த வேண்டும். கருங்கல் வீடானால் சுவரைத் துளைத்துக் கேபிள் இழுத்து, மறுபக்கம் இரண்டாவது கருவி வைக்க வேண்டும். கம்பியில்லாமலே சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு பெருக்கிகளில் பல, வேகத்தைப் பாதியாக்கியே தருகின்றன.

இன்றைய நிலை

ஏற்காடு நகரில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கிடைக்கிறது. பாரத்நெட் திட்டத்தின்கீழ் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடம் உள்ளது. அமெரிக்கா 6 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1,200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் 2020இல் வைஃபைக்குத் திறந்தது; இந்தியா 2025 மே மாதத்தில், அரை மனத்தோடு, 5.925 முதல் 6.425 வரையான 500 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் வரைவு விதிகளை வெளியிட்டது. அதன் அலைநீளம் சுமார் 5 சென்டிமீட்டர். கருங்கல் பங்களாவில் அது ஓர் அறைக்கான பட்டை.